புல்வெட்டும் மெசினுக்கு ஒயிலும் பெற்றோலும்: அளவு தெரிந்தால் தொழில் நிலைக்கும்

தொழில் அறிவோம்



மாரி மழை தொடங்கிவிட்டால் வளவுகளிலும் தென்னங்காணிகளிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிடும். தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெசின் ஒன்று வீட்டில் இருந்தால் அந்த மாதங்களில் கையில் காசு புழங்கும். அதைத் தாமே இயக்குகின்ற பெண்கள் இருக்கிறார்கள். மகனையோ தம்பியையோ கொண்டு இயக்குவிப்பவர்களும், நாள் வாடகைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பலர் இந்த மெசினைக் கடனுக்கே வாங்கியிருக்கிறார்கள்.

மெசின் பழுதானாலும் கடன் தவணை நிற்காது. இதை நாம் மறந்துவிடக் கூடாது. இவ்வகை மெசின்கள் கெட்டுப்போவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று, பெற்றோலுடன் கலக்கும் ஒயில் பிழையாக இருப்பது அல்லது அளவு குறைவது. மற்றது, கலந்த பெற்றோலை நாட்கணக்கில் வைத்திருந்து பாவிப்பது. இரண்டையும் தவிர்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு அளவுக் குவளையும், ஒரு நல்ல கானும், கொஞ்சம் கவனமும் இருந்தால் போதும்.

ஒயில் எதற்கு?

மோட்டார் சைக்கிளில் என்ஜினுக்கு அடியில் ஒயில் தனியாக நிற்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்றுகிறோம். இரண்டு ஸ்ரோக் என்ஜினில் அப்படித் தனி ஒயில் இல்லை. பெற்றோலோடு கலந்து உள்ளே போகின்ற ஒயில்தான் பிஸ்டனையும் பெயாரிங்கையும் வழுவழுப்பாக வைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் அது பெற்றோலோடு சேர்ந்து எரிந்து வெளியேறிவிடுகிறது.

புல்வெட்டும் மெசின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுற்றினால், அதன் பிஸ்டன் ஒரு வினாடியில் 150 தடவை மேலும் கீழும் போய்வருகிறது. அந்த வேகத்தில் ஒயில் இல்லாமற்போனால் உலோகமும் உலோகமும் உரசிச் சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் அசையாது. இதைத்தான் மெக்கானிக்மார் "பிஸ்டன் பிடித்துவிட்டது" என்கிறார்கள். வெறும் பெற்றோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடலாம். பிறகு பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றவேண்டி வரும். சிறிய மெசின்களுக்கு அச்செலவு புது மெசின் விலையை நெருங்கிவிடும்.

முதலில் உங்கள் மெசினைப் பாருங்கள்

எல்லாப் புல்வெட்டும் மெசினும் இரண்டு ஸ்ரோக் அல்ல. ஹொண்டாவின் ஜி.எக்ஸ்.35 என்ஜின் பூட்டிய மெசின் நான்கு ஸ்ரோக் ஆகும். அதற்குத் தனியாக ஒயில் ஊற்ற வேண்டும். பெற்றோலில் ஒயில் கலக்கக் கூடாது. கண்டுபிடிப்பது இலகு. என்ஜினின் அடிப்பக்கத்தில் ஒயில் ஊற்றுவதற்கென்று இன்னொரு மூடி இருந்தால் அது நான்கு ஸ்ரோக். பெற்றோல் மூடி ஒன்று மட்டுமே இருந்தால், அதன்மேல் பெற்றோல் பம்பும் ஒயில் துளியும் சேர்ந்த படம் இருந்தால், அது இரண்டு ஸ்ரோக்.

முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பெற்றோல் மெசின்களிலும் மரம் அரியும் செயின் வாள்களிலும் பெரும்பாலானவை இரண்டு ஸ்ரோக்தான். இங்கே சொல்பவை அவற்றுக்கும் பொருந்தும்.

எந்த ஒயில் வாங்குவது?

கடையில் "2ரீ ஒயில்" என்று கேட்டால் எதையாவது எடுத்துத் தருவார்கள். போத்தலைத் திருப்பி, பின்னால் உள்ள எழுத்துக்களைப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.

"ஜே, ஏ, எஸ், ஓ" என்ற நான்கு எழுத்துக்களுக்குப் பக்கத்தில் "எப்.பி", "எப்.சி", "எப்.டி" என்பவற்றில் ஒன்று இருக்கும். இது ஜப்பானியத் தர முறை. எப்.பி. அடிமட்டத் தரம். எப்.சி. புகை குறைந்தது. எப்.டி. அதிக சூட்டிலும் பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்கக் கூடியது. நாள் முழுவதும் வெயிலில் ஓடும் மெசினுக்கு எப்.டி. சிறந்தது, அது கிடைக்காவிட்டால் எப்.சி. வாங்கலாம். சில போத்தல்களில் "ஏ.பி.ஐ. ரீ.சி." என்று மட்டும் இருக்கும். கைநூல் அதை ஏற்றால் பாவிக்கலாம்.

இனி, வாங்கக் கூடாதவை.

கரையோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை. படகின் வெளியிணைப்பு என்ஜினுக்கு ஊற்றும் ஒயிலில் "ரீ.சி. டபிள்யூ 3" என்று எழுதியிருக்கும். அதுவும் இரண்டு ஸ்ரோக் ஒயில்தான். ஆனால் படகு என்ஜின் தண்ணீரால் குளிர்கிறது. புல்வெட்டும் மெசின் காற்றால் மட்டும் குளிர்கிறது. அதன் சூடு மிகவும் கூட. தண்ணீரில் ஓடும் என்ஜினுக்காகச் செய்த ஒயில் அந்தச் சூட்டைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. வீட்டில் வாடிக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று எடுத்து ஊற்றாதீர்கள்.

இரண்டாவது, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் நான்கு ஸ்ரோக் ஒயில். அது எரிந்துபோவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எரிந்தால் சாம்பலும் கரியும் விட்டுச் செல்லும். பிளக் அடைக்கும், சைலன்சர் அடைக்கும். என்ஜினிலிருந்து கழித்த பழைய ஒயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயர் ஒட்டாத போத்தலில் அடைத்து விற்கும் ஒயில். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. முத்திரை உடையாத போத்தலையே வாங்குங்கள்.

ஒயில் விலை கூடத்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். 50:1 கலவைக்கு ஒரு லீற்றர் ஒயில் 50 லீற்றர் பெற்றோலுக்குப் போதும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் தேவையான இடத்தில் 15 ஊற்றினால் மிச்சமாவது 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி ஒயிலை மிச்சம்பிடிப்பதற்காக மெசினையே பணயம் வைக்கலாமா?

பெற்றோல்

92 ஒக்ரேன் பெற்றோல் பெரும்பாலான மெசின்களுக்குப் போதும். கைநூல் கேட்டாலொழிய 95 தேவையில்லை. நிரப்பு நிலையத்திலேயே வாங்குங்கள். தெருவோரத்தில் போத்தலில் விற்பதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கக் கூடும். சந்தேகம் இருந்தால் வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை ஒயில் கலக்குமுன், அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியிடத்தில் செய்ய வேண்டும். நல்ல பெற்றோல் சில நிமிடங்களில் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்தது கறை விடும்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டிலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் விட்டோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கெட்டித்தனம் எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் "எதை ஊற்றினாலும் ஓடும்" என்ற எண்ணம் இந்தச் சிறிய என்ஜினுக்குப் பொருந்தாது. மண்ணெண்ணெய் இதற்குள் சரியாக எரியாது. என்ஜினைச் சூடாக்கும், கரி பிடிக்கும்.

எவ்வளவு கலப்பது?

அளவு மெசினுக்கு மெசின் வேறுபடும். கைநூலிலோ, பெற்றோல் தாங்கியின் மேல் ஒட்டிய தாளிலோ 25:1, 40:1, 50:1 என்று போட்டிருக்கும். 50:1 என்றால் 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில். இந்தக் கணக்கை வெட்டியெடுத்துக் கானில் ஒட்டிவையுங்கள்:

25:1 ஆயின்: 1 லீற்றருக்கு 40 மில்லி, 2 லீற்றருக்கு 80, 5 லீற்றருக்கு 200.

40:1 ஆயின்: 1 லீற்றருக்கு 25 மில்லி, 2 லீற்றருக்கு 50, 5 லீற்றருக்கு 125.

50:1 ஆயின்: 1 லீற்றருக்கு 20 மில்லி, 2 லீற்றருக்கு 40, 5 லீற்றருக்கு 100.

சில கம்பனிகள் ஒயிலைப் பொறுத்து இரண்டு அளவு சொல்வதுண்டு. ஸ்டில் கம்பனியின் பல கைநூல்களில், தங்களுடைய ஒயிலுக்கு 50:1 என்றும் வேறு ஒயிலாயின் 25:1 என்றும் இருக்கிறது. ஆகவே கைநூலை முழுவதும் வாசியுங்கள்.

பழைய மெசினை வாங்கியதால் கைநூல் இல்லை, தாளும் கிழிந்துவிட்டது என்றால் என்ன செய்வது? அதே மாதிரி மெசின் விற்கும் கடையில் கேளுங்கள். உறுதியாகத் தெரியும்வரை 25:1 கலந்து பாவியுங்கள். ஒயில் கூடினால் புகை வரும், பிளக் அழுக்காகும், சைலன்சரில் கரி சேரும். இவற்றைக் கழற்றித் துடைக்கலாம். ஒயில் குறைந்து பிஸ்டன் பிடித்தால் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

கலக்கும் முறை

1. வெளியில், நிழலில், அடுப்பும் விளக்கும் சிகரட்டும் இல்லாத இடத்தில் கலக்க வேண்டும். கான் தரையில் நிற்கட்டும்.

2. தேவையான பெற்றோலில் பாதியைச் சுத்தமான கானில் ஊற்றுங்கள்.

3. ஒயிலை அளந்து ஊற்றுங்கள். பாணி மருந்தோடு வரும் சிறிய பிளாஸ்ரிக் குவளையில் மில்லிலீற்றர் கோடுகள் உண்டு. ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சும் நல்லது. ஒருமுறை ஒயில் பட்ட குவளையை மீண்டும் மருந்துக்கு எடுக்கவே கூடாது. அதைக் கானிலேயே கட்டிவிடுங்கள்.

4. மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்குங்கள்.

5. மீதிப் பெற்றோலையும் ஊற்றி மறுபடி குலுக்குங்கள்.

மெசினின் தாங்கிக்குள் பெற்றோலையும் ஒயிலையும் தனித்தனியே ஊற்றிக் கலக்க முயலாதீர்கள். அது சரியாகக் கலவாது. ஒவ்வொரு முறையும் மெசினுக்கு ஊற்றுமுன் கானை ஒரு தடவை குலுக்குங்கள்.

யுத்தத்தில் கை இழந்த, கையில் பலம் குறைந்த சகோதரிகள், மணல் நிரப்பிய வாளிக்குள் கானை இறுக்கி நிறுத்திவிட்டு, புனல் வைத்து ஊற்றலாம். ஐந்து லீற்றர் கானுக்குப் பதில் இரண்டு லீற்றர் கான் வைத்திருந்தால் தூக்குவதும் குலுக்குவதும் இலகு.

மெசினை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஓர் ஆலோசனை. கலந்த பெற்றோலை நீங்களே அளந்து கொடுத்து, அதன் விலையை வாடகையோடு சேர்த்து வாங்குங்கள். எடுத்துப்போனவர் வெறும் பெற்றோல் ஊற்றினாரா, என்ன ஒயில் கலந்தார் என்று பின்னர் வாதாடிப் பயனில்லை.

எத்தனை நாள் வைக்கலாம்?

கலந்த பெற்றோலை 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று கம்பனிகள் சொல்கின்றன. எங்கள் வெயிலுக்கு இரண்டு மூன்று கிழமைக்குள் முடித்துவிடுவது நல்லது. நாள் போகப்போக, பெற்றோலில் இலகுவில் தீப்பற்றும் பகுதி ஆவியாகிவிடும்; மெசின் கிளம்பாது. மிஞ்சியது காற்றுப்பட்டுப் பிசினாக மாறி, காபரேற்றரின் மிகச் சிறிய துவாரங்களை அடைத்துவிடும். கயிற்றை இழுத்து இழுத்துக் கை நோகும்போது பலர் பிளக்கைத்தான் குறை சொல்கிறார்கள். பழுது பழைய பெற்றோலில் இருக்கக் கூடும்.

ஆகவே ஒரு கிழமை வேலைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். கலந்த திகதியையும் அளவையும் கடதாசியில் எழிதில் அழியாத மையால் எழுதிக் கானில் ஒட்டுங்கள். பெரும்பாலான 2ரீ ஒயிலில் நீலம், பச்சை, சிவப்பு என ஒரு நிறம் சேர்த்திருப்பார்கள். வெறும் பெற்றோலா கலந்ததா என்று அறிய நிறம் உதவும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்.

எங்கே, எதில் வைப்பது?

2022 எரிபொருள் நெருக்கடியின்போது கிடைத்த பெற்றோலை வீட்டுக்குள் போத்தல்களிலும் பரல்களிலும் சேர்த்துவைத்தவர்கள் பலர். அதனால் வீடுகளில் தீப்பற்றிய செய்திகளையும் அப்போது பார்த்தோம். அந்தப் பழக்கம் தொடரக் கூடாது.

பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடப் பாரமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். அறையின் மூலையில் மூடி தளர்ந்த கான் ஒன்று இருந்தால், குசினியில் எரியும் அடுப்பு அந்த ஆவியைப் பற்றவைத்துவிடலாம். சாமி விளக்கும் அப்படித்தான்.

எரிபொருளுக்கென்றே செய்த உலோகக் கான் அல்லது தடித்த பிளாஸ்ரிக் கான் வாங்குங்கள். விளிம்புவரை நிரப்பாமல், சூட்டில் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமுள்ள கொட்டிலில், வெயில் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல், பூட்டி வையுங்கள். நிரப்பு நிலையத்தில் கானை ஓட்டோவின் இருக்கையிலோ மோட்டார் சைக்கிளிலோ வைத்து நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். மெசினுக்கு ஊற்றும்போது என்ஜினை நிறுத்தி, சூடு ஆறவிட்டு ஊற்றுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளிப்போய்க் கயிற்றை இழுங்கள். உடுப்பில் சிந்தினால் மாற்றிக்கொண்டுதான் வேலை தொடங்க வேண்டும்.

சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். நிறம் கலந்த பெற்றோல் குளிர்பானம் போலவே தோன்றும். விளையாடிக் களைத்து வரும் பிள்ளை எடுத்து ஒரு மிடறு குடித்துவிடும்.

ஆபத்து நேர்ந்தால்

பிள்ளை பெற்றோலைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போவதுதான் உயிராபத்து. தேங்காய்ப்பால், பசுப்பால், உப்புத் தண்ணீர் எதையும் பருக்காதீர்கள். வாயைத் துடைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

இதே காரணத்தால், குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கையால் அமுக்கி எடுக்கும் சிறிய இறப்பர்ப் பம்புகள் கடைகளில் உண்டு.

பெற்றோல் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். உடுப்பில் தீப்பற்றினால் ஓடாமல் நிலத்தில் படுத்து உருள வேண்டும். எரிகாயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, நல்லெண்ணெய் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

மெசின் ஓய்வெடுக்கும் காலம்

கோடையில் புல் கருகியதும் மெசினை அப்படியே மூலையில் சாத்திவிடுகிறோம். அடுத்த மாரியில் அது கிளம்ப மறுக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்று தெரிந்தால், தாங்கியில் உள்ளதைக் கானில் வடித்துவிடுங்கள். பிறகு வெளியில் வைத்து, மெசினைக் கிளப்பி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றரில் மிஞ்சியதும் தீர்ந்துவிடும். ஆறியபின் பிளக்கைக் கழற்றி, துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி 2ரீ ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். உப்புக்காற்று வீசும் ஊர்களில் துருப்பிடியாமல் இருக்க இது மிகவும் உதவும்.

பழுதான கலவையைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ ஊற்றாதீர்கள். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே நீருக்குப் போய்ச் சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் கண்டோம். அடுப்பு மூட்டவும் அதைப் பாவிக்கக் கூடாது. மூடிய கானில் சேர்த்து, பக்கத்துக் கராச்சில் கழிவு ஒயிலோடு ஒப்படைத்துவிடுங்கள்.

சகோதரிகளே, மெசின் வேலை ஆண்களுக்குத்தான் விளங்கும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலுக்குச் சீனி அளப்பதும், பிள்ளைக்கு மருந்து அளப்பதும், இதற்கு ஒயில் அளப்பதும் ஒரே கவனம்தான். அளந்து கலந்து, திகதி எழுதி, பூட்டி வைத்துப் பாருங்கள். உங்கள் மெசினைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும் என்ற நிலை மாறும். தவணை முடிந்த பிறகும் அது உங்களுக்காக உழைக்கும்.